சாம்பல் தும்பிக்கு எழுதிய சாக்குகள்

மார்ச் 3

தம்பிக்கு,

நேற்று மதியம் உன் சினிமா கம்பெனியிலிருந்து இரண்டு பேர் என் கடைக்கு வந்து, இருநூறு இலவச டிக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

மூன்று வருஷமாக நீயும் நானும் பேசவில்லை. உன் போன் நம்பரையும் அவர்கள் கொடுத்தார்கள். கூப்பிட மாட்டேன். போனில் நீ பேச்சை மாற்றுவாய். நான் கோபத்தில் கேட்க வந்ததை மறப்பேன். காகிதம் என்றால் கேட்டது கேட்டபடி நிற்கும், பதிலும் அப்படியே நிற்கும்.

வந்தவர்களில் ஒரு பெண் நன்றாகப் பேசினாள்.

"சாம்பல் தும்பி காமிக்ஸ் படமா வருதும்மா. சூப்பர் ஹீரோ காமெடி. முதல்ல பாக்கப்போறது உங்க கடைக்கு வர்றவங்கதான்."

"டிக்கெட் என்ன விலை?"

"இலவசம்மா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லம்மா. காமிக்ஸ் ரசிகர்கள் மேல எங்களுக்கு இருக்கிற அன்பு."

அன்பை இருநூறாக எண்ணி ரப்பர் பேண்ட் போட்டு யாரும் எனக்கு இதுவரை கொடுத்ததில்லை. நடைபாதையில் தார்ப்பாய் விரித்துப் பழைய காமிக்ஸ் விற்க ஆரம்பித்து, இன்று கதவும் பூட்டும் உள்ள கடையில் உட்கார்ந்திருக்கிறேன். இதற்கிடையில் நான் கற்றது ஒன்றுதான்: பொறியில் தீனி வைப்பவன் எலிக்கு விருந்து வைக்கவில்லை.

கூட வந்தவன் போஸ்டரை விரித்தான். சாம்பல் தும்பி நான்கு சிறகையும் விரித்து, இடுப்பில் கை வைத்து நிற்கிறார். இடது கையில் உறை இருக்கிறது. வலது கை வெறுங்கை.

அதைப் பார்த்ததும் எனக்கு டிக்கெட் மறந்துபோனது.

முப்பத்தொன்றாம் இதழ், ஏழாம் பக்கம். படம் வரைந்தவர் கைமறதியாக வலது கையுறையை விட்டுவிட்டார். முப்பத்துநான்காம் இதழ் வரை அது திரும்பி வரவில்லை. அந்தப் பதிப்பகத்தை மூடியே பத்து வருஷம் ஆகிறது. இந்தத் தப்பு தெரிந்தது நம் கடைக்கு வரும் தையல்காரருக்கு மட்டும்தான். அவர் பிழை நோட்டில் எழுதினார்: 'துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். மழைக்காலம். மூன்று மாதமாகக் காயவில்லை.'

பிழை நோட்டு என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், நாளைக்கு மூன்றாவது ஆள் இந்தக் கடிதத்தைப் படிக்க நேர்ந்தால் அவருக்கும் புரிய வேண்டும். 'புத்தகத்துல தப்பு இருக்கு, காசைக் குடு' என்று ஒரு காலத்தில் நாளுக்கு ஒருவர் வந்து நின்றார். வரைந்தவர் செய்த தப்புக்கு விற்பவள் தண்டம் கட்டுவதா? கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். தப்பைக் கண்டவர் அதில் எழுதலாம். ஒரே நிபந்தனை, தப்பை எழுதினால் அதற்குக் கீழேயே சாம்பல் தும்பியின் சார்பில் ஒரு சாக்கும் எழுத வேண்டும். பெயர் போடக் கூடாது, தொழிலை மட்டும் போட வேண்டும். அன்றோடு காசைத் திருப்பிக் கேட்பது நின்றது. தப்பைத் தேடுவதற்கென்றே பழைய இதழ்களை வாங்க ஆரம்பித்தார்கள்.

அந்த முதல் நோட்டு, நீ 'கல்லாவுல உக்கார மாட்டேன், கதை எழுதப் போறேன்' என்று சண்டை போட்டுக் கிளம்பிய அதே வாரம் காணாமல் போனது. கேட்டதற்கு எலி தின்றிருக்கும் என்றாய். கயிற்றின் முடிச்சை அவிழ்த்துவிட்டுத் தின்ற எலியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நோட்டு உன்னிடம் இருக்கிறதா, இல்லையா? ஒரு வரி போதும். அது வரும்வரை டிக்கெட் இழுப்பறையில் கிடக்கும்.

அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் நின்றபடியே பிரித்தேன். 'யாருக்கு என்ன ஆச்சு?' என்று ஆபீசே பதறிவிட்டது. இந்தக் காலத்தில் கையால் எழுதிக் கடிதம் வந்தால் சாவுச் செய்தி என்றுதான் நினைக்கிறார்கள். நலமாக இருக்கிறாய் என்று உன் கோபத்திலேயே தெரிந்தது.

நீ பயப்படலாம், ஆனால் இது கேலிப் படம் இல்லை. சாம்பல் தும்பியை யாரும் கேவலப்படுத்தவில்லை. ஒன்று யோசித்துப் பார். வீட்டு ஆள் ஒருவர் மேடையேறிப் பேசுகிறார். எந்த வார்த்தையில் அவர் திக்குவார் என்று வீட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரியும். அந்த வார்த்தை வருவதற்கு முன்பே அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாயைப் பொத்துவார்கள். அதில் கேலி இருக்கிறதா? அவர்மேல் உள்ள உரிமைதானே அது! காமிக்ஸ் படித்து வளர்ந்தவனுக்கு இந்தப் படம் அப்படித்தான். அவரைத் தெரியாதவனுக்கு அவர் சிறகு கட்டிய ஒரு ஆள், அவ்வளவுதான். தெரிந்தவனுக்குத்தான் அவர் எங்கே இடறுவார் என்று தெரியும். இடறியபின் தூக்கிவிடவும் தெரியும். இந்த மாதிரி ஒரு படம் இதுவரை வந்ததே இல்லை அக்கா, நான் எழுதினேன் என்பதற்காகச் சொல்லவில்லை.

கையுறை விஷயம் கலை இயக்குநரின் யோசனை. ஒரு கை வெறுமையாக இருந்தால் பார்ப்பவன் கண் அங்கே நிற்கும் என்றார். தற்செயலாக அமைந்தது.

காட்சி இருபத்தொன்பதாம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு, நம் ஊர்த் தியேட்டரிலேயே. தையல்காரர், கண்டக்டர், அந்த நர்ஸ், கடைக்கு வரும் நம் பழைய ஆட்கள் எல்லோரும் வர வேண்டும். நீ சொன்னால் வருவார்கள். நீ சொல்ல வேண்டும்.

தையல்காரர் இப்போதும் சத்தமாகத்தான் சிரிப்பாரா?

உன் தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டது ஒரு வரி. மூன்று பக்கத்தில் அது மட்டும் இல்லை. கேட்ட விலையைச் சொல்லாமல் சரக்கின் பெருமையைச் சொல்பவனிடம் நான் ஒரு கட்டுகூட வாங்கியதில்லை.

தையல்காரர் எவ்வளவு சத்தமாகச் சிரிப்பார் என்று நீ எதற்கு விசாரிக்கிறாய்? சிரிப்பை அளந்து வாங்கப் போகிறாயா?

இந்த இடம் எனக்கு உறுத்தியது. நேராகத் தியேட்டர் மேனேஜரிடம் போனேன். அவர் திகில் காமிக்ஸ் வாங்குபவர், என்னிடம் மறைக்க மாட்டார். "திரைக்குக் கீழ எட்டு கேமரா வெக்கச் சொல்லியிருக்காங்கக்கா. எல்லாமே சீட்டப் பாத்து. படம் பாக்குறவங்களப் படம் எடுக்கிறாங்களாம். என் சர்வீசுல இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதில்ல" என்றார்.

ஆக, இருநூறு டிக்கெட் இலவசம் இல்லை. என் ஆட்களின் முகத்தை விலையாக வாங்குகிறீர்கள். எதற்கு? அவர்கள் கொதித்துச் சத்தம் போடுவதை விளம்பரத்தில் காட்டவா? 'பாருங்கள், வயசான பிறகும் பொம்மைப் புத்தகத்துக்குச் சண்டை போடுகிறார்கள்' என்று ஊர் சிரிக்கவா?

நேற்று சாயங்காலம் கடையில் எல்லோரிடமும் சொன்னேன்.

நர்ஸ் கேட்டாள்: "நம்மளச் சிரிக்க வைக்கப் போறாங்களா, இல்ல நம்மப் பொழப்பு சிரிப்பா சிரிக்கப் போகுதா? அத மொதல்ல கேட்டுச் சொல்லுங்கக்கா."

தையல்காரர் சொன்னார்: "என்னை ஆயிரம் சொல்லட்டும், தாங்கிக்குவேன். சாம்பல் தும்பியக் கோமாளியாக்கினா தாங்க மாட்டேன்."

"அவரு ஏற்கெனவே கோமாளிதான்யா" என்றார் கண்டக்டர். "இத்தன வருஷமா நாமதான் வெளிய தெரியாம மூடி வெச்சிருக்கோம்."

தையல்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

இவர்கள் என்னை நம்பி வருபவர்கள். நான் போகச் சொன்னால் எங்கே, எதற்கு என்று கேட்காமல் போவார்கள். அதனால்தான் நான் கேட்க வேண்டியிருக்கிறது. கேமரா எதற்கு? நோட்டு எங்கே? பதில் வரவில்லை என்றால் டிக்கெட் பதிவுத் தபாலில் திரும்பி வரும்.

அக்கா


மார்ச் 15

அக்கா,

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. நீ கேட்ட ஒரு வரி இதுதான்.

மற்றதையும் எழுதிவிடுகிறேன். கிளம்பிய அன்று கோபத்தில் அவிழ்த்து எடுத்தேன். உன் கடையிலிருந்து உனக்கு வலிக்கிற மாதிரி எதையாவது எடுக்க வேண்டும் என்று இருந்தது. இங்கே வந்து அறையில் தனியாக இருந்தபோது அதைப் படித்துத்தான் சிரித்தேன். அப்போதும் அதை வைத்துப் பிழைக்கலாம் என்ற எண்ணம் இல்லை.

தயாரிப்பாளர் சாம்பல் தும்பியின் உரிமையை முறைப்படி வாங்கி வைத்திருந்தார். கதை சொல்லக் கூப்பிட்டார். என் கதையைச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் அவர் வாட்சைப் பார்த்தார். பயத்தில், கண்டக்டர் எழுதிய மணிக்கூண்டைச் சொன்னேன். உனக்கு நினைவிருக்கும்: நூற்றுப் பதினெட்டு இதழிலும் மணிக்கூண்டு நாலு பத்துதான் காட்டும். 'இந்த ஊரில் எல்லாத் திருட்டும் நாலு பத்துக்குத்தான் நடக்கிறது. போலீஸ் நாலு மணிக்கே போய் உட்காரலாமே? போகவில்லை. சாம்பல் தும்பிக்கு வேலை போய்விடும் என்ற இரக்கம்.' தயாரிப்பாளர் சிரித்துவிட்டார்.

"இது உன் யோசனையா?"

"ஆமா சார்."

வாய் சொல்லிவிட்டது அக்கா. முதல் ஆமாம்தான் கஷ்டம். அதற்குப் பிறகு நாற்பது ஆமாம் சொன்னேன்.

இப்போது கேமரா. போன மாதம் காமிக்ஸே படிக்காத அறுபது பேருக்குப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். முகத்தைப் படம் எடுத்து, எங்கெங்கே எவ்வளவு சிரித்தார்கள் என்று ஒரு கோடு வரைவார்கள். கீழே விழுகிற இடத்தில் கோடு ஏறியது. நோட்டில் எடுத்த வரி வந்த இடத்தில் எல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தது. "புரியாத ஜோக்க வெச்சு நான் என்ன பண்றது? அந்த நாப்பது நிமிஷத்தத் தூக்கிட்டுச் சண்டைய வை" என்றார் தயாரிப்பாளர். காமிக்ஸ் படித்தவர்களுக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கலாம் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். சரி என்றார். இருபத்தொன்பதாம் தேதி கோடு ஏறவில்லை என்றால் மறுநாள் வெட்டு.

விளம்பரம் எல்லாம் இல்லை. அவர்கள் சிரித்தால் படம் பிழைக்கும். ஆனால் அவர்கள் வந்தால் நான் அகப்படுவேன். தான் எழுதிய வரி தன் காதில் விழுந்தால் யாருக்குத் தெரியாமல் போகும்? அவர்களை வரச் சொல்லவும் பயம், வராமல் போனாலும் பயம். அதனால்தான் வழவழவென்று எழுதினேன்.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். தையல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கண்டக்டர் மட்டும், "தயாரிப்பாளர் நெசமாவே சிரிச்சாராமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நீ செய்ததற்குத் திருட்டு என்று பெயர். வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இந்தக் கடிதத்தையும் நான் முழுசாக நம்பவில்லை. ஒரு பொய்யை ஒத்துக்கொண்டவன் அடுத்த பொய்க்கு இடம் பண்ணுவான். வருவோமா மாட்டோமா என்று இப்போது எழுத மாட்டேன். டிக்கெட் இழுப்பறையில் இருக்கிறது.

அக்கா


மார்ச் 24

அக்கா,

வருவார்களா என்று தயாரிப்பாளர் தினமும் கேட்கிறார். வருவார்கள் என்று சொல்கிறேன். அதுவும் இன்னொரு பொய்யா என்று எனக்கே தெரியவில்லை.

வேண்டுமானால் படம் ஆரம்பிக்கும் முன்பு நானே எல்லார் முன்னாலும் நின்று சொல்லிவிடுகிறேன். இல்லை, முடியாது.

இரண்டு வார்த்தை எழுது. திட்டியாவது எழுது.

தம்பி


மார்ச் 31

அக்கா,

நீ பதில் எழுதவில்லை. ஞாயிறு காலை இருநூறு சீட்டும் நிறைந்ததைப் புரொஜெக்டர் அறை ஓட்டை வழியாகப் பார்த்தேன். என்னை நம்பி வந்தாய் என்று நினைத்தேன்.

படம் முடிந்து என்னைக் கீழே கூப்பிட்டார்கள். தயாரிப்பாளர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இந்தம்மா சொல்றது உண்மையா?" தலையை ஆட்டினேன். "நீ போய் வண்டியில உக்காரு" என்றார். உன்னோடு ஒன்றரை மணி நேரம் பேசினார். தியேட்டர் கண்ணாடிக்குப் பின்னால் உன் கை ஆடுவது மட்டும் தெரிந்தது. சரக்குக்கு விலை பேசும்போது ஆடுமே, அதே கை. திரும்பி வரும் வழியில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றும் பேசவில்லை. படத்தில் என் பெயர் இருக்கிறதா என்று எடிட்டரைக் கேட்டால், 'உங்கக்காவக் கேளு' என்கிறார்.

என்ன பேசினாய்? நோட்டுக்காக என்னை விற்றுவிட்டாயா? கோபம் இருந்தால் என்னிடம் காட்டியிருக்கலாம். மூன்று வருஷம் இதற்காகத்தான் காத்திருந்தாயா?

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

சந்தேகப்படக் கற்றுக்கொண்டிருக்கிறாய். நல்லது, பிழைத்துக்கொள்வாய்.

நீ மேலே ஒளிந்திருந்ததால் கீழே நடந்தது உனக்குத் தெரியாது. டிக்கெட்டைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன், 'அவனுக்காகச் சிரிக்க வேண்டாம், சிரிப்பு வந்தால் அடக்கவும் வேண்டாம்' என்று. முதல் கால் மணி நேரம் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு, கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். சாம்பல் தும்பி ஜன்னலில் முட்டிக்கொண்டதற்குக்கூட ஒருவர் அசையவில்லை.

பிறகு மணிக்கூண்டு வந்தது. நாலு மணிக்கே போலீஸ் கமிஷனர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நாலு பத்துக்குத் திருடர்கள் வருகிறார்கள், அவரைப் பார்க்கிறார்கள், 'சார் இருக்கிறது தெரியாது, நாளைக்கு வர்றோம்' என்று திரும்புகிறார்கள். கண்டக்டர் எழுந்து நின்றுவிட்டார். "என்னோடது! இது என்னோடது!" பின்வரிசையில் யாரோ, "ஐயா, உக்காருங்க, டிக்கெட் அப்புறம் கிழிக்கலாம்" என்றார்கள். அவ்வளவுதான், அடைப்பு திறந்துகொண்டது. ஒரு வரி வர வேண்டியது, ஒரு மூலையில் 'என்னோடது' என்று கத்த வேண்டியது, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டியது. அவர்கள் எல்லோரும் நோட்டு கயிற்றில் தொங்கியபோதே அதைப் படித்தவர்கள் அல்லவா! கடலில் விழுந்த வில்லன் அடுத்த காட்சியில் தலை காய்ந்து நிற்கும்போது, அதற்குச் சாக்கு எழுதிய முடிதிருத்துபவருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

தையல்காரர் மட்டும் சத்தமே போடவில்லை. சாம்பல் தும்பி மழையில் துணி காயும் கொடிக்கு அடியில் நின்று கையுறையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாரே, அந்த இடத்தில் என் பக்கம் சாய்ந்து, "இன்னும் காயலை, பாத்தீங்களா" என்றார்.

ஹாலுக்கு வெளியே தயாரிப்பாளர் என்னிடம் வந்தார். கோடு காகிதத்தை விட்டு வெளியே போகும் அளவுக்கு ஏறியிருந்தது. ஆனால் ஆள் மோப்பம் பிடித்துவிட்டார்.

"ஏம்மா, எல்லாரும் என்னோடது என்னோடதுன்னு கத்துனாங்களே, என்ன அது?"

"அவங்களோடது. அதான் கத்துனாங்க" என்றேன்.

உனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டேன் என்று உனக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது வியாபாரம். நீ இருந்தால் அழுது காரியத்தைக் கெடுத்திருப்பாய். நீ வண்டியில் இருந்ததே நல்லது.

முதலில், கடைசியில் 'ரசிகர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி போடுவதாகச் சொன்னார். "ரசிகர்னு யாரும் என் நோட்டுல எழுதலையே. தையல்காரர் எழுதினாரு, நர்ஸ் எழுதினா" என்றேன். உன்னை அனுப்பிவிட்டு வேறு ஆளை வைத்துப் படத்தை முடிப்பதாக மிரட்டினார். "அனுப்புங்க. ஆனா கோடு எந்த இடத்துல ரொம்ப உயரம்னு ஒருதரம் பாத்துட்டு அனுப்புங்க" என்றேன். பார்த்தார். அது நோட்டில் வந்த இடம் இல்லை. சாம்பல் தும்பியும் வில்லனும் சண்டை போட்டுக்கொண்டே ஒரு பழைய புத்தகக் கடைக்குள் விழுகிறார்களே, அந்தக் கடைக்காரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், 'செருப்ப வெளிய விட்டுட்டு அடிச்சுக்குங்க' என்கிறாளே, அந்த இடம். இருநூறு தலையும் திரும்பி என்னைப் பார்த்தது. நோட்டில் இல்லாத வரி. நீயே எழுதியது. நான் சிரித்தேனா என்று கேட்காதே. எட்டு கேமரா இருக்கிறது, பார்த்துக்கொள்.

அதனால் நீ வேலையில் இருக்கிறாய். யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாம், உன் சரக்குக்குக் கிடைத்த விலை அது.

பேசி முடித்ததை அங்கேயே பாப்கார்ன் கவுண்டரில் எழுதி வாங்கிவிட்டேன். மேனேஜரும் நர்ஸும் சாட்சி. அடித்தல் திருத்தல் இல்லை என்று மூன்று தடவை படித்துப் பார்த்தேன். நாற்பது நிமிஷத்தில் ஒரு நிமிஷமும் வெட்டக் கூடாது. நோட்டில் எழுதிய இருபத்து மூன்று பேரும், நோட்டில் உள்ளபடி தொழிலாகவே, ஆளுக்கு இரண்டு விநாடி திரையில் வருவார்கள். அவர் எல்லோருக்கும் சேர்த்துப் பத்து விநாடியில் ஆரம்பித்தார். கடைசி ஆள் வந்து போகும்வரை தியேட்டரில் விளக்குப் போடக் கூடாது. உன் பெயர் இருபத்து நான்காவது, அதே அளவு எழுத்தில், 'சேர்த்து எழுதியவர்' என்று வரும். நோட்டு கூரியரில் வரக் கூடாது. நீ கொண்டுவந்து, எழுதியவர்கள் முன்னால் என் கையில் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருப்பார்கள். தையல்காரர் உன்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டுமாம். என்ன வார்த்தை என்று எனக்கும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. இது என் சொந்த நிபந்தனை. இதற்குத்தான் அவர் அதிக நேரம் மல்லுக்கட்டினார். சண்டை முடிந்ததும் சாம்பல் தும்பி ஒரு புத்தகம் கேட்க, ஊரைக் காப்பாற்றியவர் என்று அந்தக் கடைக்காரி பாதி விலைக்குக் கொடுக்கிறாள். நான் அப்படிக் கொடுப்பேனா? அது தப்பு, அதற்கு ஒரு சாக்கும் கிடையாது. மறுபடி எடுக்கச் செலவாகும் என்றார். வாயசைவு அப்படியே இருக்கட்டும், குரலை மட்டும் மாற்றுங்கள் என்றேன். ஒத்துக்கொண்டார். சாம்பல் தும்பி முழு விலை கொடுப்பார்.

அக்கா